ஆட வந்தவர்களுக்கான இசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நாட்டுப்புற இசை பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் “பாப் வில்ஸ் தொடங்கிவைத்த வெஸ்டர்ன் ஸ்விங்” என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு யூடியூபில் தேடிக் கேட்டேன். குழம்பிப்போனேன். தலையில் கௌபாய் தொப்பி, கையில் ஃபிடில், ஆனால் வாசிப்பது ஜாஸ் மாதிரி இருக்கிறது. பாட்டு நடக்கும்போதே ஒருவர் “ஆ…ஹா” என்று கூவுகிறார். இதை எந்த வகையில் சேர்ப்பது? ஒரே ஆளா இதைத் தொடங்கினார்? ஜாஸ் கேட்கும் நண்பர் ஒருவர், “கறுப்பர்களின் இசையை எடுத்து வெள்ளைக்காரர்கள் தொப்பி மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்” என்கிறார். அப்படிச் சொல்லி முடித்துவிடலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

முதலில் என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். “தொடங்கிவைத்த” என்று நான் எழுதியது தவறு. பாப் வில்ஸ் இந்த இசையின் மிகப் பெரிய பெயர், சந்தேகமில்லை. ஆனால் இதற்கு முதன்முதலில் முழு உருவம் கொடுத்தவர் மில்டன் பிரவுன். உங்கள் கடிதம் வந்ததால் அவரைப் பற்றி எழுத ஒரு வாய்ப்பு கிடைத்தது. சந்தோஷம்.

டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரம், 1930. ஒரு வீட்டில் ஆட்டம் நடக்கிறது. வில்ஸ் ஃபிடில், ஹெர்மன் ஆர்ன்ஸ்பிகர் கிட்டார், அவ்வளவுதான் கச்சேரி. அங்கே வந்திருந்த பிரவுன் அவர்களோடு சேர்ந்து ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாடுகிறார். வில்ஸும் பிரவுனும் ஒன்றுசேர்ந்தது அந்தப் பாட்டில்தான். அதை எழுதியவர் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக் கலைஞர். உங்கள் நண்பரின் கேள்விக்குப் பிறகு வருகிறேன், ஆனால் இந்தக் காட்சியை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931இல் இந்த மூவருக்கும் வானொலியில் இடம் கிடைத்தது. காசு கொடுத்தது ஒரு மாவு ஆலை. ‘லைட் க்ரஸ்ட்’ என்பது அந்த மாவின் பெயர், அதை வைத்தே குழுவுக்கு ‘லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பகலில் ஆலை வேலையும் பார்க்கவேண்டியிருந்தது. ஆலையின் மேலாளர் டபிள்யூ. லீ ஓ’டேனியலுக்கு ஆரம்பத்தில் இவர்கள் இசை பிடிக்கவே இல்லை. மாவு விற்கத் தொடங்கியதும் அவரே அறிவிப்பாளராக மைக் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த வானொலிப் புகழை வைத்தே பின்னால் டெக்சஸ் கவர்னராகவும் ஆனார். 1932 பிப்ரவரியில் இவர்கள் இசை முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானது. இரண்டே பாடல்கள். இன்று கேட்டால் பாதி வழியில் நிற்கும் இசை அது. ஃபிடில் பழைய கிராமத்து ஃபிடில்தான், குரல் மட்டும் நகரத்துக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதியைக் கடக்க வைத்தது ஒரு தடை. குழு வெளியே ஆட்டங்களுக்கு வாசிக்கப் போகக்கூடாது என்றார் ஓ’டேனியல். பிரவுனுக்கு இது ஒத்துவரவில்லை. வருமானம் ஆட்டங்களில்தான் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த ‘கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ்’ நடனக்கூடத்தில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. 1932 செப்டம்பரில் விலகி ‘மியூசிக்கல் பிரவுனீஸ்’ என்று சொந்தக் குழு தொடங்கினார்.

நான் புரிந்துகொண்டவரையில் இந்த இசையின் திறவுகோல் அந்த நடனக்கூடம்தான். எதில் சேர்ப்பது என்று கேட்டீர்கள். ஜாஸா, அமெரிக்கக் கிராமங்களின் கன்ட்ரி இசையா என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இது ஆட வந்தவர்களுக்கான இசை. நூற்றுக்கணக்கான பேர் மரத்தரையில் காலைத் தேய்த்து ஆடும்போது எழும் சத்தத்தை நினைத்துப்பாருங்கள். ஒரு ஃபிடிலும் ஒரு கிட்டாரும் அங்கே எடுபடுமா? பிரவுன் செய்த ஒவ்வொரு சேர்க்கையும் அந்தத் தரைக்குப் பதில் சொல்வதுதான். ஜாஸ் வாசித்துப் பழகிய ஃப்ரெட் கால்ஹூனைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். பாஸின் நரம்பை இழுத்து அறைந்து வாசிக்க வானா காஃப்மன், தாளத்துக்குப் பாஞ்சோ. செவ்வியல் பயிற்சி பெற்ற செசில் பிரவர் ஃபிடிலில் வந்து சேர்ந்தார். பக்கத்தில் இன்னொரு ஃபிடிலும் சேர்ந்து இரண்டும் ஒன்றாக ஒலித்தன.

அப்புறம் பாப் டன். இவரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த வாத்தியம். மடியில் படுக்கவைத்து, நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவதுபோல, நரம்பின்மேல் ஓர் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். ஹவாய்க்காரர்கள் வாசித்தால் தேன் சொட்டும். டன் டிராம்போனும் வாசிப்பவர், அதனால் அவருக்கு அந்தத் தேன் வேண்டியிருக்கவில்லை. சாதாரண கிட்டார் ஒன்றில் நரம்புகளை உயர்த்திக் கட்டி, நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பொருத்தி, ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஊதுகுழல் மாதிரி வெட்டி வெட்டி வாசித்தார். 1935 ஜனவரியில் சிகாகோவில் டெக்கா நிறுவனத்துக்காக இது பதிவானது. கன்ட்ரி இசைப் பதிவுகளில் மின்சார ஸ்டீல் கிட்டார் ஒலிப்பது அதுதான் முதல் தடவை. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். குரல் ஓய்ந்ததும் டன் நுழையும் இடத்தில் ஒலி ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தொண்டை கட்டிய ஒரு மனிதர் விடாமல் பேசுவது மாதிரி.

1936 ஏப்ரலில் ஃபோர்ட் வொர்த்துக்கு வெளியே ஜாக்ஸ்போரோ நெடுஞ்சாலையில் பிரவுனின் கார் விபத்துக்குள்ளானது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். வயது 32. ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்ற பெயரே 1940களில் கலிஃபோர்னியாவில்தான் புழக்கத்துக்கு வந்தது. தான் உருவாக்கிய இசைக்கு என்ன பெயர் என்று அறியாமலே போனவர் அவர்.

இப்போது வில்ஸ். 1933இல் அவரை மாவு ஆலை வெளியே அனுப்பியது. வேக்கோ, ஓக்லஹோமா சிட்டி என்று அலைந்து, ஓ’டேனியலின் வழக்கையும் சமாளித்து, 1934இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் கே.வி.ஓ.ஓ. வானொலிக்கு வந்து சேர்ந்தார். நண்பகலில் வானொலி, இரவில் ‘கேன்ஸ்’ நடனக்கூடத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஆட்டம். பல வருஷம் இதுதான் வாழ்க்கை. ‘டெக்சஸ் பிளேபாய்ஸ்’ என்ற அவர் குழுவில் டிரம்பெட்டும் சாக்சஃபோனும் சேர்ந்தன, 1935இல் ஸ்மோக்கி டாகஸ் டிரம்ஸோடு வந்தார். ஃபிடில் குழுவில் டிரம்ஸ் என்பது அன்று கேள்விப்படாத விஷயம்.

அதே வருஷம் செப்டம்பரில் டல்லஸில் முதல் பதிவு. தயாரிப்பாளர் ஆர்ட் சாதர்லி எதிர்பார்த்தது ஒரு ஃபிடில் குழுவை. வந்து இறங்கியதோ ஊதுகுழல்களோடு ஒரு பட்டாளம். வாசிப்பு தொடங்கியதும் வில்ஸ் வேறு வழக்கம்போல் கூவ ஆரம்பித்தார். சாதர்லி நிறுத்தச் சொன்னார். அப்படியானால் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று வில்ஸ் குழுவை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். சாதர்லிதான் இறங்கிவந்தார். நீங்கள் கேட்ட அந்த “ஆ…ஹா” இசைத்தட்டில் தங்கியது அப்படித்தான். நடனக்கூடத்தில் ஒரு வாத்தியக்காரர் நன்றாக வாசித்தால் வில்ஸ் பெயர் சொல்லிக் கூவுவார். லியான் மெக்காலிஃப் ஸ்டீல் கிட்டாரில் இறங்கும்போதெல்லாம் அவர் பெயர் ஒலிக்கும். நம் சபைகளில் “பலே” போடுகிற மாதிரி, ஆனால் இங்கே போடுவது குழுத் தலைவரே.

சரி, உங்கள் நண்பரின் கேள்வி. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மழுப்பக்கூடாது. வில்ஸ் பருத்திக்காட்டில் வளர்ந்தவர். பக்கத்தில் பருத்தி பறித்த கறுப்பினக் குடும்பங்களிடம்தான் அவர்களுடைய பாட்டு வகையான ப்ளூஸைக் கேட்டு வளர்ந்தார். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டைக் கேட்கக் குதிரையில் 50 மைல் போனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1929இல் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்த புதிதில், மருந்து விற்பவர்கள் நடத்திய ஊர்சுற்றிக் கேளிக்கைகளில் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக வேடம் கட்டியும் நடித்தார். கறுப்பினத்தவரின் இசைமேல் உயிரை வைத்திருந்த அதே மனிதர் அவர்களைக் கேலிப்பொருளாக்கும் மேடையிலும் நின்றார். இரண்டும் நடந்தவைதான். டல்சாவில் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பை 1921இல் வெள்ளையர் கும்பல் எரித்து அழித்தது. அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து அதே ஊரில்தான் வில்ஸ் நட்சத்திரமானார். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த மாநிலம் அது. ப்ளூஸைக் கொடுத்தவர்களுக்கு அந்த நடனத்தளத்தில் இடம் இல்லை. இந்த இசையை நேசிக்கிற நான் இதைச் சொல்லாமல் கடந்தால் என் நேசத்துக்கு மதிப்பில்லை.

ஆனால் “அவ்வளவுதான்” என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. வில்ஸின் அப்பா ஜான் போட்டிகளில் ஜெயித்த ஃபிடில்காரர். பத்து வயதில் அப்பா வராத ஓர் இரவில் வில்ஸே ஆட்டத்துக்கு வாசிக்கவேண்டி வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய மெட்டுகள்தான் அப்போது தெரியும். அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தாராம். அந்தப் பழைய ஃபிடில் மெட்டுகள் கடைசிவரை அவர் இசையில் இருந்தன. எல்லையோர மெக்சிகர்களின் இசை இருக்கிறது. டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் கொண்டுவந்த போல்கா, வால்ட்ஸ் நடன மெட்டுகளும் இருக்கின்றன. சான் அன்டோனியோவின் குழுத் தலைவர் அடால்ஃப் ஹோஃப்னர் அந்த வழியில் வந்தவர்தான். ஒரே இரவில் இவர்கள் எல்லோருக்கும் காலாட வேண்டும் என்றால் வாசிப்பவன் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தாக வேண்டும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938இல் வில்ஸ் சொல் இல்லாமல் வாசித்த ‘சான் அன்டோனியோ ரோஸ்’ 1940இல் பாடல் வரிகளோடு மறுபடி பதிவாகி நாடெங்கும் பரவியது. புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பியும் அதைப் பாடினார். போர் வந்ததும் குழு சிதறியது. வேலை தேடி ஓக்லஹோமாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் கலிஃபோர்னியாவுக்குப் போன மக்களின் பின்னாலேயே இந்த இசையும் போனது. அங்கே ஸ்பேட் கூலி என்ற குழுத் தலைவர் பெரிய பெயராக இருந்தார். 1944இல் நடன விடுதிகள்மேல் மத்திய அரசு கடுமையான வரி போட்டது. பெரிய குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பிறகு தொலைக்காட்சி வந்தது, ராக் அண்ட் ரோல் வந்தது, ஆட வருகிறவர்கள் குறைந்தார்கள். 1970இல் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்ட் வில்ஸுக்காக ஓர் ஆல்பமே வெளியிட்ட பிறகுதான் இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1973 டிசம்பரில் டல்லஸில் பழைய பிளேபாய்ஸ் மறுபடி கூடினார்கள். வில்ஸ் சக்கர நாற்காலியில் வந்தார். ஃபிடிலைத் தொட முடியாத நிலை. முதல் நாள் பதிவின்போது கூட இருந்தார், பழைய கூவலை மெலிந்த குரலில் எழுப்பவும் செய்தார். அன்றிரவே பக்கவாதம் தாக்கி நினைவிழந்தார். மறுநாள் மற்றவர்கள் அவர் இல்லாமல் வாசித்து முடித்தார்கள். 1975 மே மாதம் இறந்தார்.

எங்கிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1946, 47இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வானொலிக்காகப் பதிவு செய்த ‘டிஃபனி’ பதிவுகளில் வில்ஸ் குழு இசைத்தட்டு நிறுவனத்தின் கட்டுப்பாடு இல்லாமல் வாசிக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். அதன்பிறகு பிரவுனின் 1935 பதிவுகளுக்கு வாருங்கள். நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் கேட்பவர் என்கிறீர்கள், கால்ஹூனின் பியானோவை அவர் உங்களைவிட முதலில் பிடித்துவிடுவார்.

அன்புடன்.