பழைய கணினிகளுக்கான ஆதரவைத் திறந்த மூல மென்பொருள்கள் நிறுத்துவது நியாயமா?

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், உங்களிடமும் 32 பிட் என்ற பழைய வகைக் கணினி ஒன்று இருந்து, புதிய பதிப்பு அதில் ஏற மறுத்திருக்க வேண்டும். எங்களிடம் அப்படி நான்கு இருக்கின்றன. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசி அறையில் நடக்கும் படிப்பகத்தில். நான்கும் பென்டியம் 4. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த அதன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளில் அதை ஏற்றுவதற்கான நிறுவி இல்லாததால் 12இலேயே நிற்கின்றன.

நிறுத்துவது பல நேரங்களில் நியாயம்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 என்ற இன்டெல் சில்லுள்ள கணினியில்தான். அந்த 386க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய சில்லுக்காக வைத்திருக்கும் நிரல், புதிதாக எதைத் தொட்டாலும் குறுக்கே வந்து நிற்கும். சோதிக்கவும் பொருள் வேண்டும். 2019இல் ஃபிளாப்பி டிரைவை இயக்கும் லினக்ஸ் நிரலுக்குப் பராமரிப்பாளர் இல்லை என்று குறித்தபோது, வேலை செய்யும் ஃபிளாப்பி டிரைவ் கிடைப்பதே அரிதாகிவிட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

ஆனால் “இதை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை” என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எங்கள் கணினிகளுக்கு இணைய இணைப்பு கிடையாது. மென்பொருள் எல்லாம் பென் டிரைவில்தான் மலையேறி வருகிறது. எந்தக் கணக்கெடுப்பு எங்களை எண்ணும்?

எங்கள் லேசர் பிரின்டரின் கதையைச் சொல்கிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான கடந்தகால வினாத்தாள்களை அதில்தான் அச்சிடுகிறோம். அது இல்லையென்றால் நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ்ஸில் போய்ப் பிரதி எடுத்து வர வேண்டும். அரை நாள் போய்விடும். பிரின்டரைத் தயாரித்த நிறுவனம் அதை எப்போதோ கைகழுவிவிட்டது. யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிய இயக்கியில்தான், அதாவது கணினியை பிரின்டரோடு பேசவைக்கும் நிரலில்தான், ஓடிக்கொண்டிருந்தது.

ஒருமுறை புதிய பதிப்பைப் போட்டதும் பக்கம் பாதியில் வெட்டுப்பட்டது. 17ஆம் வினாவின் முதல் வரியோடு எழுத்து நின்று, கீழே வெறும் வெள்ளை. மழைக்காலத்தில் இங்கே தாள் ஈரம் கோத்துச் சுருளும். அதனால் தாள்கட்டை ஓர் அரிசிப் பையில் சுற்றி அடுப்பங்கரைப் பக்கம் வைப்போம். முதலில் ஈரத்தைத்தான் சந்தேகித்தேன். அன்றிரவு தொலைபேசியில் இயக்கியின் இணையப் பக்கத்தைத் திறந்தால், “என்னிடம் இந்த பிரின்டர் இப்போது இல்லை, சோதிக்க யாரும் இல்லையென்றால் நீக்கிவிடுவேன்” என்று அவர் எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கீழே ஒரு பதிலும் இல்லை.

“என்னிடம் இருக்கிறது” என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. அவர் திருத்தி அனுப்புவார். நான் அச்சிட்டு, தாளைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்புவேன். பதினோரு தாள்கள் வீணாயின. இவ்வகை பிரின்டரில் நினைவகம் மிகக் குறைவு. பக்கத்தைக் கணினிதான் தயாரித்துத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். எங்கள் கணினி அடுத்த துண்டை அனுப்புமுன் பிரின்டர் தாளைத் தள்ளிவிட்டிருக்கிறது. வேகமான கணினி வைத்திருப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. பன்னிரண்டாவது தாள் முழுதாக வந்தது. அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

“இலவசமாகப் பெற்றுக்கொண்டு உரிமை பேசுகிறாயா” என்று சிலர் வருவார்கள். நான் உரிமை கேட்கவில்லை. அவர் கேட்டார், எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று. அந்தத் தவறில் பாதி என்னுடையது. “புதிய கணினி வாங்குங்கள்” என்பவர்கள், 2022இல் சில வாரங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது இங்கே விலைகள் என்ன ஆயின என்று விசாரித்துவிட்டுச் சொல்லட்டும்.

கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்கு என்று கணினிகளை இறக்கி, பதாகை கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அவை இயங்குகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்களுக்கு வந்தவை ஒன்பது. ஐந்து கடைசிவரை உயிர்பெறவே இல்லை. அவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தது பிள்ளைகள்தான்.

உங்கள் கணினியின் மாதிரி எண்ணையும், எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் அந்த மென்பொருளின் பராமரிப்பாளருக்கு இன்றே எழுதுங்கள். சோதித்துத் தருகிறேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் இங்கே கருத்தில் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.