மக்கள் தொகை பெருகினால் நகரத்தின் சுற்றுச்சூழல் என்ன ஆகும்? வேளச்சேரியிலிருந்து ஒரு பதில்

நகரத்தில் ஜனம் கூடுவதால் சுற்றுச்சூழல் எப்படிக் கெடுகிறது, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வேளச்சேரி பக்கம் வீடு பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புகை, குப்பை, வெயில் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது தண்ணீர்.

அப்பா இங்கே மனை வாங்கி வீடு கட்டியது 1993இல். தெருவில் மொத்தம் ஆறு வீடு. ஐப்பசி மழையில் கிணறு நிரம்பினால் குனிந்து சொம்பால் மொள்ளலாம். ராத்திரி தவளைச் சத்தத்தில் டிவி கேட்காது. "போயும் போயும் பள்ளத்துல வாங்கியிருக்கானே" என்றார் பெரியப்பா. சரியாகத்தான் சொன்னார்.

தென்சென்னை ஏரிகளெல்லாம் சங்கிலி மாதிரி. கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. வேளச்சேரி ஏரியின் உபரி நீரும் அங்கேதான் போகும். அது வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு மெதுவாக விடும். 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. இன்று வனத்துறையிடம் காப்புக்காடாக இருப்பது சுமார் 700 ஹெக்டேர். மீதியில் பெருங்குடி குப்பைமேடு, ஐ.டி. கட்டடங்கள், சாலைகள், வீடுகள். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். நல்லதுதான், கொஞ்சம் முன்னாடியே செய்திருக்கலாம்.

ஜனத்தொகை என்றதும் எல்லாரும் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். எங்கே குடியேறினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்டத்தில் கூடியது மூன்று லட்சம் பேர் போல. அதே பத்து வருஷத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 29 லட்சத்திலிருந்து 40 லட்சமானது. பள்ளிக்கரணை, பெருங்குடி, மடிப்பாக்கம் எல்லாம் அப்போது அந்த மாவட்டம். அதாவது ஊர் வீங்கியது ஏரியும் சதுப்பும் இருந்த பக்கத்தில்.

எங்கள் தெருவிலும் ஒவ்வொரு தனி வீடாக இடித்து அடுக்குமாடி வந்தது. கட்டடத்துக்கு ஒரு போர்வெல், கார் நிறுத்த வாசல் முழுக்க சிமென்ட். அடுத்தவரைச் சொல்வானேன், சேறு மிதிக்க வேண்டாமே என்று நாங்களும்தான் போட்டோம். எங்கள் கிணறு கோடையில் வற்ற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2015 டிசம்பரில் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்து படகில் வெளியேறினோம். அப்புறம் 2019 கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். எங்கள் போர்வெல்லில் வெறும் காற்று. நாலு வருஷம் முன்பு எங்களை மூழ்கடித்த அதே தெருவில் லாரித் தண்ணீருக்கு ஒரு வாரம் காத்திருந்தோம். ஒரு நாள் லாரிக்காரரிடம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே ஒரு வயல் கிணறாம். அந்த வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றதற்கு, "இப்ப ஒண்ணும் போடல சார், தண்ணி விக்கிறாங்கல்ல" என்றார்.

சென்னையில் சராசரியாக வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைச்சல் இல்லை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும், அதைப் பிடித்து வைக்கிற பள்ளங்களில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 2020இல் முன்வாசல் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, மாடித் தண்ணீரைப் பழைய கிணற்றுக்கே திருப்பினேன். போன மே மாதம் அதில் எட்டு அடி தண்ணீர் இருந்தது.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் வந்து பார்க்காதீர்கள், அப்போது எல்லாத் தெருவும் அழகாக இருக்கும். நவம்பரில் நல்ல மழைக்கு மறுநாள் வாருங்கள். புரோக்கரை விட்டுவிட்டு வாட்ச்மேனிடம் கேளுங்கள், 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று. சுவரில் கை வைத்துக் காட்டுவார்.