லைசன்ஸில் பொயின்ற் ஏறினால்: இங்கிலாந்துச் சாரதிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு 9 பொயின்ற் இருக்கு. 30 மைல் ரோட்டில 39இல ஓடினதுக்கு இப்ப கடிதம் வந்திருக்கு. லைசன்ஸ் போயிடுமா?

பதில்: முதலில் திகதிகளைப் பாருங்கள். பொயின்ற் என்பது வீதிக் குற்றத்துக்கு லைசன்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளி. வேகத்துக்கு 3 ஏறினால் உங்களுக்கு 12 ஆகிவிடும்; பொயின்ற் கணக்கில் 12 சேர்ந்தால்தான் வாகனம் ஓட்டத் தடை. ஒரு குற்றம் நடந்த நாளுக்கும் அடுத்தது நடந்த நாளுக்கும் இடையில் 3 வருடம் கடந்திருந்தால் பழையது கணக்கில் சேராது. வழக்கு விசாரிக்கும் நாளைப் பார்ப்பதில்லை, அதனால் இழுத்தடித்துப் பயனில்லை. பதிவில் 4 வருடம் தெரிவதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம்.

39 என்பதால் வேக விழிப்புணர்வு வகுப்புக் கிடைக்கலாம். 30 மைல் ரோட்டில் வழக்கமாக 35 முதல் 42 வரை கொடுப்பார்கள். முந்திய 3 வருடத்தில் அதே வகுப்புச் செய்திருக்கக் கூடாது. இந்த முறை வகுப்புக் கிடைத்துச் செய்து முடித்தால் புதுப் பொயின்ற் ஏறாது, பழைய 9 குறையவும் மாட்டாது.

கேள்வி: மனைவி ஓடினதா எழுதலாமோ? அவவுக்கு ஒரு பொயின்ற்றும் இல்லை.

பதில்: தயவுசெய்து வேண்டாம். பொயின்ற் பிரச்சினை அதோடு சிறைப் பிரச்சினையாகிவிடும், இருவருக்குமே. 2003இல் நடந்த வேகக் குற்றத்தின் பொயின்ற்றை மனைவி ஏற்றுக்கொண்டதற்காக முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹியூனுக்கும் அப்போது அவர் மனைவியாக இருந்த விக்கி பிரைஸுக்கும் 2013இல் தலா 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

கேள்வி: வீடு மாறினதால கடிதமே கிடைக்கேல்லை. இப்ப எம்எஸ்90 என்று 6 பொயின்ற் போட்டிருக்கினம்.

பதில்: ஓடியவர் யாரென்று 28 நாளுக்குள் சொல்லாததற்கான தண்டனை அது. வேகத்துக்கு 3 பொயின்ற்றோடு முடிந்திருக்கக் கூடியது இங்கே இரட்டிப்பாகிறது, தண்டப்பணமும் 1,000 பவுண் வரை போகலாம். தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், வழக்கு நடந்ததே தெரியாது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து அறிவியுங்கள். தீர்ப்பு நீங்கி வழக்கு மறுபடி தொடங்கும்; விடுதலை என்று அர்த்தமில்லை. லொக்புக்கிலும் (வாகனப் பதிவுப் பத்திரம்) லைசன்ஸிலும் விலாசத்தை இன்றைக்கே மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

கேள்வி: 12 ஆயிட்டுது. வேலை போயிடும் என்று சொன்னா விடுவினமா?

பதில்: அது மட்டும் போதாது. தடை குறைந்தது 6 மாதம். முந்திய 3 வருடத்தில் 56 நாள் அல்லது அதற்கு மேல் தடை பெற்றிருந்தால் 12 மாதம். தப்ப வேண்டுமானால் வழமைக்கு மீறிய கஷ்டம் என்று காட்ட வேண்டும். உங்களை நம்பியிருக்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதைத்தான் நீதவான்கள் கூர்ந்து பார்ப்பார்கள். அம்மாவை டயாலிசிஸுக்கு நீங்கள்தான் கூட்டிப்போகிறீர்கள் என்றால் ஆஸ்பத்திரிக் கடிதமும், வேறு யாரும் ஏன் கூட்டிப்போக முடியாது என்பதற்கான விளக்கமும் கையில் இருக்கட்டும். மோட்கேஜ் கூற்று, முதலாளியின் கடிதம், பஸ் நேரங்கள் எல்லாம் எழுத்தில் வேண்டும். சத்தியம் செய்தபின் குறுக்கு விசாரணையும் வரும். ஒருமுறை சொன்ன காரணத்தை 3 வருடத்துக்கு மறுபடி சொல்ல முடியாது.

கேள்வி: மகன் பாஸ் பண்ணி 14 மாதம். போனைக் கையில பிடிச்சதுக்கு 6 பொயின்ற்.

பதில்: முதல் 2 வருடத்துக்குள் செய்த குற்றங்களுக்கு 6 சேர்ந்தாலே லைசன்ஸ் ரத்து. லைசன்ஸ் வழங்கும் அரச நிறுவனமான டிவிஎல்ஏயே ரத்துச் செய்யும், கஷ்டம் சொல்லி அங்கே தப்ப வழியில்லை, அக்கா. புதிதாக புரொவிஷனல் (பழகுநர் லைசன்ஸ்) எடுத்து, தியறி, பிரக்டிக்கல் இரண்டையும் மறுபடி பாஸ் பண்ண வேண்டும். இது நீதிமன்றத் தடை அல்ல என்பதால் உடனே விண்ணப்பிக்கலாம். ரத்துக் கடிதம் வந்தபின் பழைய லைசன்ஸோடு ஓடினால் இன்சூரன்ஸ் செல்லாது, அதற்கும் 6 முதல் 8 பொயின்ற் வரை ஏறும்.