கேள்வி: மாடித் தோட்டத்தில் கியூகமெலன் வளர்க்க முடியுமா? விதை ஊன்றிப் பத்து நாளாகியும் முளைக்கவில்லையே?

முளைக்கும், தயவுசெய்து தொட்டியைக் கிளறாதீர்கள். இந்நேரம் விரலால் மண்ணைத் தோண்டிப் பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன், ஏனெனில் நானும் அதைத்தான் செய்தேன்.

மெலோத்ரியா ஸ்காப்ரா என்ற தாவரப் பெயருடைய இந்தக் கொடி, மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரியது. வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்ததே தவிர, வெள்ளரி அன்று. காய் திராட்சை அளவில் இருக்கும். தோல், தர்பூசணியைச் சுருக்கி வைத்தது போலிருக்கும். கடித்தால் வெள்ளரியோடு எலுமிச்சைப் புளிப்பு தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 10 விதைகளை 150 ரூபாய்க்கு வாங்கி, ஆட்டெரு கலந்த தொட்டியில் ஊன்றினேன். ஆறாம் நாளே செழிப்பான இரண்டு முளைகள் வந்தன. கொடி படர்ந்து, மஞ்சளாகப் பூத்து, வரியோடிய சிறு காய்கள் பிடித்ததும் படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒரு காயைப் பறித்து, நகத்தால் கீறி, நாக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது மிதுக்கங்காய்லா? பருத்திக் காட்டுல காலை இடறுமே. இதுக்கா நூத்தம்பது ரூவா குடுத்த?" மிதுக்கு என்பது நம் ஊர்க் காடுகளில் தானாக முளைக்கும் வெள்ளரி இனக் கொடி.

விற்பனையாளரை ஏமாற்றுக்காரர் என்று அன்றிரவே எழுதி, ஒற்றை நட்சத்திரமும் போட்டேன். மறுநாள் காய்களை மோரில் ஊறவைத்து வற்றலுக்குப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, ஆடு மேய்ந்த மிதுக்கின் விதை எருவோடு வந்திருக்கும் என்றார். இருபதாம் நாள் அதே தொட்டியில் நூல்போல் எட்டிப்பார்த்த இரண்டு முளைகளைக் களையென்று நானே பிடுங்கி எறிந்தது அப்போதுதான் உறைத்தது. விமர்சனத்தை நீக்கிவிட்டேன், ஆனால் ஒரு விதைக்குப் பதினைந்து ரூபாய் என்பதை இன்றுவரை என்னால் நியாயமென்று ஒப்ப முடியவில்லை.

அடுத்த முறை எருவைத் தவிர்த்துத் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, சிறு கோப்பைகளில் அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகாமல் விதைத்தேன். 17ஆம் நாள் முளைத்தது. முதல் மாதம் கொடி அசையவே அசையாது. பிறகு ஆள் உயரக் கம்பிவலையைத் தாண்டி ஓடும். பூ சட்டைப் பொத்தானை விடச் சிறியது. அடியில் மிளகளவு பிஞ்சு ஒட்டியிருந்தால் அது பெண் பூ. தேனீ வராத மாடியில் பிஞ்சு பெரும்பாலும் வெம்பி உதிரும் என்பதால், பக்கத்தில் துளசி வைத்திருக்கிறேன். காய் ஓர் அங்குலத்தை எட்டுமுன் பறித்துவிடுங்கள். விட்டால் விதை கெட்டியாகிவிடும்.

மிதுக்கின் பூ இதைவிடப் பெரியது, காய் கசக்கும், பழுத்தால் மஞ்சளாகும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தாவரவியல் படித்தவர்கள் பொறுத்தருள வேண்டும். மிதுக்கு இருக்க வெளிநாட்டுக் காய் எதற்கு என்று கேட்க வருபவர்களுக்கும் ஒன்று: மிளகாயும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான், அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சென்ற மாதம் அம்மா கியூகமெலனிலும் ஒரு பிடியை மோரில் போட்டுக் காயவைத்துப் பார்த்தார். தோல் சுருங்கி வெறும் விதைதான் மிஞ்சியது. பச்சையாகவே தின்னுங்கள்.