கூரையிலும் தண்ணீர், பேஸ்மென்டிலும் தண்ணீர்: காப்புறுதியிடம் கேட்பதா, கைக்காசில் திருத்துவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. 2025 பிப்ரவரி நடுவில் அடுத்தடுத்துக் கொட்டிய பனி உருகத் தொடங்கியதும் மேல்மாடி அறையின் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு பேஸ்மென்ட் ஜன்னல் வழியாகவும் தண்ணீர் இறங்கி, கார்பெட்டும் சுவரும் நனைந்துவிட்டன. சீலிங் திருத்த 2,600 டொலர், பேஸ்மென்டுக்கு 5,500 டொலர் கேட்கிறார்கள். நான்கு நாட்களுக்கு முன் கதவைத் தட்டிய ஒரு கூரை நிறுவனம், முழுக் கூரையையும் மாற்ற 14,000 டொலர் என்றது. தவணைக் கடனும் அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். கணவர் கையெழுத்துப் போட்டு 1,000 டொலர் முற்பணமும் கொடுத்துவிட்டார். வீட்டுக் காப்புறுதிக்கு வருடம் 1,900 டொலர் கட்டுகிறோம், டிடக்டிபிள் (சேதத்தில் நாங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000. சூவர் பேக்கப் என்ற கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்திருக்கிறோம். பேஸ்மென்டில் ஒரு மாணவர் வாடகைக்கு இருக்கிறார், அதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 9,000 டொலர் இருக்கிறது, கடனட்டையில் 3,000 டொலர் கடன். எதை முதலில் செய்வது?

பதில்: சகோதரி, நாள் குறைவாக இருப்பது கூரை ஒப்பந்தத்துக்குத்தான். அதை முதலில் பார்ப்போம். ஒன்ராறியோவில் 50 டொலருக்கு மேற்பட்ட ஓர் ஒப்பந்தத்தை உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டால், அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த பின் 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்த 15 நாட்களுக்குள் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, இரண்டின் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்துச் செய்யச் சொல்வதற்கு விலை மட்டும் காரணமில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இது பனிக்கட்டி அணை கட்டியதால் வந்த ஒழுக்காகத்தான் தெரிகிறது. வீட்டுச் சூடு கூரைக்குள் ஏறி, மேலே கிடக்கும் பனியின் அடிப்பகுதியை உருக்கும். அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் அங்கிருக்கும் தண்ணீர்ப் பீலியோடு சேர்த்து உறைந்துவிடும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் சிங்கிள்ஸ் என்ற கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்கும். ஆகவே புதுக் கூரை போட்டாலும், அட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில்) சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷனும் காற்றோட்டமும் சரியில்லையென்றால் அடுத்த பெரும்பனியிலும் அதே இடம் ஒழுகும். 14,000 டொலர் கடன் வாங்கியும் நோய் அப்படியே இருக்கும். அட்டிக்கை ஒருவர் ஏறிப் பார்க்கட்டும், ஆனால் கூரை விற்பவர் வேண்டாம். ஒன்ராறியோவில் 2025 ஜனவரி இறுதியில் தொடங்கிய ஹோம் ரெனோவேஷன் சேவிங்ஸ் திட்டத்தில் இன்சுலேஷனுக்குத் தள்ளுபடி உண்டு. அதன் விதிகளை வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காப்புறுதி. நம் ஆட்கள் பலர் "தண்ணீர்ச் சேதத்துக்குக் காப்புறுதி இருக்கிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நிறுவனமோ தண்ணீர் எந்த வழியாக வந்தது என்றுதான் பார்க்கும். பனிக்கட்டி அணையால் சீலிங்குக்கு வந்த சேதத்தைப் பெரும்பாலான முழுமையான வீட்டுப் பத்திரங்கள் ஏற்கும். சூவர் பேக்கப் என்பது கழிவுநீர்க் குழாய் வழியாகத் திரும்பி வரும் தண்ணீருக்கானது. உங்கள் பேஸ்மென்டுக்கோ உருகிய பனி நிலத்தின் மேலாக ஓடி ஜன்னலால் வந்திருக்கிறது. அதற்கு ஓவர்லேண்ட் வாட்டர் என்ற தனிச் சேர்ப்பு வேண்டும். பத்திரத்தில் அது இல்லையென்றால் அந்த 5,500 டொலரில் ஒரு சதமும் வராது என்று எண்ணியே கணக்குப் போடுங்கள்.

அப்படியானால் சீலிங்குக்கு மட்டும் கேட்கலாமா? டிடக்டிபிள் போக 1,600 டொலர் கிடைக்கும். ஆனால் இழப்பீடு கேட்காதவர்களுக்கான சலுகை உங்களுக்கு 15 சதவீதம் என்று வைத்தால், அதை இழப்பது வருடம் ஏறக்குறைய 285 டொலர், ஐந்து வருடத்தில் 1,425. வந்த காசில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அதனால் செலவு 2,600 டொலரோடு நிற்குமென்றால் கேட்காமல் விடுவதே நல்லது. அட்டிக்கில் இன்சுலேஷன் முழுக்க நனைந்து செலவு ஐயாயிரம், ஆறாயிரம் என்று போனால் கட்டாயம் கேளுங்கள். தாமதமாக அறிவித்தால் அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடும் என்பதால், அட்டிக் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். எல்லா இடத்தையும் படம் எடுத்து வையுங்கள், நனைந்த கார்பெட்டில் ஒரு துண்டையும் வெட்டி வையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் ஒரு வரியில் சொல்லிப்போன விஷயம். வாடகைக்கு ஆள் இருப்பதை மறைத்திருந்தால், சீலிங்குக்கான இழப்பீட்டையும் நிறுவனம் மறுக்கலாம், பத்திரத்தையே ரத்துச் செய்யலாம். சேதத்தைப் பார்க்க வருகிறவர் பேஸ்மென்டுக்கும் இறங்குவார். அந்த ஒரு நாளைக்கு மட்டும் மாணவரை நண்பர் வீட்டில் நிற்கச் சொல்லும் யோசனையை யாராவது தந்தால் கேட்காதீர்கள், அது மோசடி. புரோக்கரை அழைத்து உள்ளதைச் சொல்லிப் பத்திரத்தைத் திருத்துங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், கூடட்டும். பக்கவாசல் நடைபாதையில் பனி அள்ளுவது ஒன்ராறியோவில் வீட்டுக்காரரின் பொறுப்பு. அங்கே அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வழக்கு வந்தால், 1,600 டொலரா 2,600 டொலரா என்ற பேச்சுக்கே இடமிருக்காது. வீடே ஆட்டம் காணும். பத்திரத்தைத் திருத்தும்போதே ஓவர்லேண்ட் வாட்டர் சேர்க்க எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சரி, காசு எங்கிருந்து? டிஎஃப்எஸ்ஏ-யிலிருந்து எடுங்கள், கடனட்டையில் போடாதீர்கள். டிஎஃப்எஸ்ஏ-யில் எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதி கிடைக்கும், வரியும் இல்லை. கடனட்டையோ 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கேட்கும். ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், எடுப்பது முழுவதும் வரிக்குரிய வருமானத்தில் சேர்ந்துவிடும். சீலிங்குக்கு 2,600 எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்டுக்கு 5,500 முழுவதையும் இப்போது கொடுக்க வேண்டியதில்லை, வேலையைப் பிரித்து விலை கேளுங்கள். நனைந்த சுவர்ப் பலகையை வெட்டி எடுத்து உலர்த்துவது உடனே நடக்க வேண்டும், பூஞ்சணம் காத்திருக்காது. புதுத் தரை கோடையில் போடலாம். அதற்குள் ஜன்னல் குழிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, பீலித் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிவிட ஒரு நீளக் குழாய் என்று சின்னச் செலவுகளை முடித்துவிடுங்கள். டிஎஃப்எஸ்ஏ-யில் 3,000 டொலராவது மிஞ்ச வேண்டும். திரும்பி வரும் முற்பணம் 1,000 டொலரையும் கடனட்டைக் கடனில் கட்டுங்கள்.

வாடகையை வரிக் கணக்கில் காட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாடகைப் பகுதியை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவை அந்த வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரசீதுகளைத் தனியாக வையுங்கள். மாணவரின் நனைந்த பொருட்களுக்கு உங்கள் காப்புறுதி உதவாது, அவருடைய டெனன்ட் காப்புறுதிதான் தரும். அது அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அறை பாவிக்க முடியாத நாட்களுக்கு வாடகையை அவர் கேட்கும் முன்பே குறைத்து, அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.