இலவசக் காய்கறிச் சந்தையை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள்

கேள்வி: திருப்பூரில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு நாள் இலவச உணவுச் சந்தை நடத்த நினைக்கிறோம். விலைவாசி ஏறிக்கொண்டே போவதில் பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்கள் திணறுகின்றன. ஞாயிறு காலையில் அரிசிப் பை கொடுக்கலாமா? பதிவு ஏதும் வேண்டுமா?

பதில்: அரிசியை விடுங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். வெளிமாநிலத்தவர்கூட, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தங்கள் ஊர் அட்டையைக் காட்டி 2020 அக்டோபரிலிருந்து இங்கேயே ரேஷன் வாங்கலாம். இதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒரு பலகை வையுங்கள், அதுவே பெரிய உதவி. வீடுகளில் முதலில் குறைவது காய், பருப்பு, முட்டைதான். தக்காளி கிலோ நூறைத் தாண்டிய 2023 ஜூலையில் அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது.

அடுத்து, கிழமை. திருப்பூரில் பெரும்பாலும் சம்பளம் சனிக்கிழமை. ஞாயிறன்று கையில் காசு இருக்கும். கடன் கேட்கத் தொடங்குவது வியாழன், வெள்ளியில். ஆகவே வியாழன் மாலையில் தொடங்கி இரவு வரை நடத்துங்கள். மாலை ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டு வருபவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், ஒன்றரை ஷிப்ட் பார்த்து எட்டரைக்கு வெளியே வரும் அக்காவுக்கு வாடிய கீரைதான் மிஞ்சும். சரக்கை இரண்டாகப் பிரித்து, பாதியை எட்டேமுக்காலுக்கு மேல்தான் திறக்க வேண்டும். நீங்கள் எதை விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காய்க்கு உழவர் சந்தை நிர்வாக அலுவலரைப் பாருங்கள். காலைக் கூட்டம் கலைந்ததும், திரும்பத் தூக்கிப் போக விரும்பாத விவசாயிகள் மனமுவந்து கொடுப்பார்கள். கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளி விலை விழும் வாரங்களில், பறிகூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விடுவார்கள். அப்போது பறிகூலியும் வண்டி வாடகையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் இரு பக்கமும் பிழைக்கும். அரசாணிக்காய் (பரங்கிக்காய்), சின்ன வெங்காயம், வாழைக்காய் சீக்கிரம் கெடாமல் தாங்கும். காலையில் வாங்கியதை இரவு வரை காக்க, செங்கல்லில் இரட்டைச் சுவர் தொட்டி கட்டி, இடையில் மணல் நிரப்பி நனைத்து வையுங்கள். நம் ஊர் வறண்ட வெயிலில் நன்றாகவே குளிரும். விரிசல் விட்ட முட்டையை வாங்கவே வேண்டாம்.

பையில் போட்டு நீட்டாமல், கடை போலப் பரப்பி அவர்களே எடுக்கட்டும். தனியாக அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் எதற்கு? குடும்பத்துக்கு இவ்வளவு என்ற அளவு மட்டும் எழுதி வைத்தால் போதும். ஆதாரும் கேட்காதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்ற கூச்சத்திலேயே பலர் வராமல் போகிறார்கள்.

பதிவு விஷயம் எளிது. சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குவோரும், உணவின் தரத்தைக் கண்காணிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் (FSSAI) பதிவுக்குள் வருவார்கள். அத்துறையின் மாவட்ட நியமன அலுவலரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டை எடுக்க ஆசை வரும். உபரி உணவுக்கென்றே 2019-இல் தனி விதிமுறைகள் வந்துவிட்டன: உணவின் பெயர், எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்றெல்லாம் குறித்தாக வேண்டும். அதனால் முதல் சில மாதங்கள் சமைக்காத பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சும் காய் மறுநாள் மாட்டுக்குப் போகட்டும்.