வேகம் ஒரு கவசமா?

கேள்வி: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய நீங்கள், இன்றைய போர் விமானங்களும் தரைச்சூட்டுக்கு, அதாவது தரையிலிருந்து சுடப்படும் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும், அஞ்சியே பறக்கின்றன என்று முடித்திருந்தீர்கள். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் செல்லும் விமானத்தை, நீங்களே எழுதியபடி 'ராடாருக்குத் தெரியாத' விமானத்தை, பீரங்கி என்ன செய்துவிடும்? சீனன்குடா எண்ணெய்க் குதத்தின் மீது விமானம் வந்து விழுந்த காலத்தை இன்றைக்குப் பொருத்துவது தவறல்லவா?
(உப்புவெளி வாசகர் ஒருவர்)

பதில்: தவறல்ல. விமானத்தின் வேகத்தைக் கணக்கிட்ட நீங்கள், அது எதற்காக அங்கே வருகிறது என்பதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டீர்கள்.

இறக்கைகளின் கீழ் குண்டுகளைத் தொங்கவிட்டு வரும் விமானம் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறப்பதில்லை. காற்றின் தடையும் எரிபொருட் செலவும் அதற்கு இடம் கொடா. பெரும்பாலும் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில், அதாவது விநாடிக்கு 250 மீற்றர் வேகத்தில்தான் அது வரும். இரண்டு கிலோமீற்றர் தொலைவிலிருந்து சுடப்படும் 23 மில்லிமீற்றர் குண்டு அதை எட்ட இரண்டு விநாடிகளுக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் அரைக் கிலோமீற்றரைக் கடந்துவிடும். ஆகவே, குறிபார்த்துச் சுட்டு வீழ்த்துவது மிகக் கடினம் என்ற அளவில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் பீரங்கிக்காரர் விமானத்தைத் துரத்த வேண்டியதே இல்லை. தாழப் பறந்து ஒரு பாலத்தைத் தாக்க வருபவர் அந்தப் பாலத்தை நெருங்கியே தீர வேண்டும். அவர் வரக்கூடிய வழிகளும் சிலவே. அந்த வழிகளில் உள்ள வான்பரப்பைப் பல பீரங்கிகள் ஒரே வேளையில் குண்டுகளால் நிரப்பும்போது விமானம் தானாகவே அவற்றுக்குள் நுழைகிறது. சோவியத் நாட்டின் ஷில்கா பீரங்கி நான்கு குழல்களுடன் நிமிடத்துக்கு 3,000க்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடும்படி அமைக்கப்பட்டது இதற்காகத்தான்.

நீங்கள் சொல்லும் அதே இரு மடங்கு வேகத்துக்கென்று கட்டப்பட்டது அமெரிக்காவின் எஃப்-105 தண்டர்சீஃப். மொத்தமாக உற்பத்தியான 833 விமானங்களில் 350க்கு மேற்பட்டவை வியட்நாம் போரில் அழிந்தன. வட வியட்நாமியரிடம் தரையிலிருந்து விமானங்களை நோக்கி ஏவும் எஸ்-75 ஏவுகணைகள் இருந்தபோதிலும், அந்தப் போரில் வீழ்ந்த அமெரிக்க விமானங்களில் பெரும்பான்மையானவற்றை வீழ்த்தியவை பீரங்கிகளே. உயரத்தில் பறந்தால் ஏவுகணை தாக்கும் என்று விமானிகள் தாழ இறங்கினார்கள். தாழ்ந்த வானத்தில் பீரங்கிகள் காத்திருந்தன. அந்த விமானத்தின் உள்ளமைப்பிலும் ஒரு பெருங்குறை இருந்தது. வால் தகட்டை எண்ணெயின் அழுத்தத்தால் அசைக்கும் குழாய்கள், ஒன்று பழுதானால் மற்றது உதவட்டும் என்று இரட்டையாகப் பொருத்தப்பட்டிருந்தும், அருகருகே சென்றமையால் ஒரே குண்டின் சிதறல் இரண்டையும் அறுத்துவிட முடிந்தது. அதன்பின் விமானி என்ன செய்தாலும் விமானத்தின் மூக்கு நிலத்தை நோக்கித் திரும்பும்.

இத்தகைய அடியைத் தாங்கும்படியும் விமானம் கட்டலாம். 2003 ஏப்ரல் 7ஆம் திகதி பாக்தாத்துக்கு மேலே ஏ-10 விமானம் ஒன்று எண்ணெயழுத்தம் முழுவதையும் இழந்தபோது, விமானி கிம் கெம்பெல் கம்பிவடங்களின் துணையோடு தன் கைவலிமையால் அதைத் தளம் சேர்த்தார். விமானியைச் சுற்றி டைட்டேனியத் தகடு பதித்த அந்த விமானம் மெதுவாகப் பறப்பது. பாரமான தகடுகளால் வரும் அந்தத் தாங்குதிறனை வேகத்தோடு சேர்த்துப் பெற முடியாது.

கிபிர் போர் விமானத்தின் இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய நம் தலைமுறைக்குப் போர் விமானம் எவராலும் தொட முடியாத ஒன்றாகத் தோன்றுவதை நான் நன்கு அறிவேன். ஆயினும் 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த நாட்களில் பலாலிக்கருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்ந்ததையும் நாம்தான் பார்த்தோம். அவை போக்குவரத்து விமானங்கள் என்பீர்கள். 1999 மே 27ஆம் திகதி கார்கிலில் வீழ்ந்த மிக்-21 ஒரு போர் விமானம்தான். மறுநாள் அங்கேயே எம்ஐ-17 ஹெலிகொப்டர் ஒன்றும் வீழ்ந்தது. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை இயந்திரத்தின் வெப்பத்தை நாடிச் செல்வதால், ராடார் அலையை உணர்ந்து எச்சரிக்கும் கருவி விமானிக்கு உதவுவதில்லை. கார்கிலில் இந்திய விமானப்படை அதன்பின் உயரத்துக்குச் சென்று, மிராஜ்-2000 விமானங்களிலிருந்து லேசர் வழிகாட்டும் குண்டுகளை வீசியது.

உயரத்துக்குச் செல்வது என்றேன். என் கட்டுரையில் போதிய அளவு சொல்லாமல் விட்ட செய்தி இதுவே. தரைச்சூடு எத்தனை விமானங்களை வீழ்த்தியது என்று மட்டும் எண்ணினால் அதன் வலிமை விளங்காது. அதே 1999இல் சேர்பியாவையும் கொசோவோவையும் தாக்கிய நேட்டோ விமானங்கள், பீரங்கிக்கும் தோள் ஏவுகணைக்கும் எட்டாதிருக்கப் போரின் தொடக்கத்தில் 15,000 அடிக்குக் கீழே இறங்காமல் பறந்தன. அது நாலரைக் கிலோமீற்றர் உயரம். உப்புவெளி வீதியில் போவது உழவு இயந்திரமா இராணுவ வண்டியா என்பதை அவ்வளவு உயரத்திலிருந்து வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 14ஆம் திகதி கொசோவோவின் ஜாகோவாவுக்கு அருகே, உழவு இயந்திரங்களில் மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்து சென்ற அல்பேனியக் குடும்பங்களை இராணுவ வாகன அணியென்று கருதிக் குண்டு வீசினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரையிலிருந்து ஒரு குண்டும் படாத விமானங்கள் அவை. ஆனால் அவற்றை அவ்வளவு உயரத்தில் நிறுத்தி வைத்தது தரைச்சூடு பற்றிய அச்சம். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள், விமானத்தையும் பீரங்கியையும் ஏவாத மக்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் நம் மாவட்டத்திலும் பலர் இருப்பதால், இதை நான் வெறும் படைத்துறைச் செய்தியாக எழுத விரும்பவில்லை.

உங்கள் கேள்வி சுட்டும் ஓர் இடத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். 'ராடாருக்குத் தெரியாத' என்று நான் எழுதியது பிழை. அந்தப் பெயரெடுத்த எஃப்-117 விமானம், 1999 மார்ச் 27ஆம் திகதி சேர்பியாவில், 1960களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்த எஸ்-125 வகை ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. குறுகிய அலையில் இயங்கும் ராடாரை ஏமாற்றுவதற்காக அமைக்கப்பட்ட அதன் வடிவம், நீண்ட அலையில் இயங்கும் பழைய ராடாருக்கு ஓரளவு தென்பட்டது. அந்தச் சொற்றொடரை 'ராடாருக்கு மிகக் குறைவாகவே தென்படும் விமானம்' என்று திருத்தி வாசிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.